உப்புக்காரி ஏழாம் நிலையில் நின்ற கதை

"அப்போ படகுக்கு?"

போன ஞாயிற்றுக்கிழமை இப்படிக் கேட்டுவிட்டேன். அண்ணா நகரில், பகடை விளையாட்டுக்காரர்களுக்கென்றே மேஜை போட்டுவைத்திருக்கும் ஒரு காபிக் கடையில். அலுவலகத் தோழி கதை சொல்ல, நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ மாறி, ஒரு குகைக்குள் ராட்சதத் தவளை ஒன்றை அப்போதுதான் ஒழித்திருந்தோம். "கெடைச்ச பாயின்ட்ஸ் எல்லாருக்கும் சமம், போட்டுக்கோங்க" என்றாள் தோழி. என் வாய் தானாகக் கேட்டது: "அப்போ படகுக்கு?"

"எந்தப் படகு? இது குகைப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பகடையை உருட்டாமல் கீழே வைத்துவிட்டேன். பதினைந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பையனைச் சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட வேண்டிய இடம் எது என்று அந்த மேஜையில்தான் உறைத்தது.

என் வயதுக்காரர்களே, நமக்கு இன்னும் முப்பது முடியவில்லை. அதற்குள் பழசைப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். நீங்களும் கையில் ஒரு வல்லமை வருமா என்று கண்ணை மூடி, விரலை நீட்டி, சுவரைப் பார்த்து முறைத்தவர்கள்தான். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

அது மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் மாதங்களில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கும். முதல் படகில் ஏறினால் தண்ணீரில் கால் படாமல் அந்தக் கடைசி வரை போகலாம். டீசல் வாசனை குறைந்து பெயின்ட் வாசனையும் தின்னர் வாசனையும் ஏறும். ஐஸ் ஃபேக்டரிப் பக்கமிருந்து அமோனியா மூக்கைக் குத்தும். எங்களுக்குப் பள்ளி விடுமுறை. எங்கள் வீடு ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். என் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் படகு ஓனரின் மகன். இன்னொருவன் ஐஸ் உடைப்பவரின் மகன். மூன்று பேரும் ஒரே வகுப்பு.

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் மாமா, ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, நசுங்கிப்போன ஒரு பெட்டியை எனக்குக் கொண்டுவந்தார். உள்ளே நீல நிறத்தில், கண்ணாடி மாதிரி, விதவிதமான முகங்களோடு பகடைகள். அதில் பெரியதற்கு இருபது முகம். வெயிலில் பிடித்தால் உள்ளங்கையில் நீலமாக ஒரு சொட்டு விழும். கூடவே ஓர் ஆங்கில விதிப் புத்தகம், ஈரம் பட்டுப் பக்கங்கள் ஒட்டிப்போனது. பிரித்ததில் பாதி கிழிந்தது. மிஞ்சியதில் புரிந்தது இவ்வளவுதான்: ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு நாயகனைக் கற்பனை செய்து அந்தக் கதைக்குள் இறங்க வேண்டும். அடித்தோமா அடிவாங்கினோமா என்பதைப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் வெற்றி. ஜெயித்தால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் நாயகனின் நிலை ஏறும். நிலை ஏறினால் வல்லமை ஏறும். ஒவ்வொரு நிலைக்கும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு புள்ளி வேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் நாயகன் சுருண்டு விழுந்து ஒரு நிலை இறங்கிவிடுவான்.

கதை சொல்பவருக்குச் சொந்தமாக நாயகன் இருக்கக்கூடாது என்ற பக்கமும், புள்ளியை எப்படிப் பிரிப்பது என்ற பக்கமும் கிழிந்த பாதியோடு போய்விட்டன.

"எங்க போட்ல ஆடலாம்" என்றான் ஓனர் மகன். "நெழலு கீது. ஒர்த்தனும் வந்து பேஜாரு பண்ணமாட்டான்."

"நானு?"

"நீ கீய நின்னு ஆடு. பொண்ணு கால் பட்டா மீனு படாது, தெரியும்ல?"

"டைஸு என்னுதுடா."

"போட்டு எங்குது."

அந்தக் கரையில் எந்த வீட்டிலும் பெண்பிள்ளை படகில் ஏறியதில்லை. ஆக, ஏற்பாடு இப்படி ஆனது: அவர்கள் இருவரும் மேல்தளத்தில், தார்ப்பாய் நிழலில். நான் கீழே கரையோரச் சிமெண்ட் மேடையில், படகுக் கயிறு கட்டும் இரும்புக் குமிழ் மேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து. என் முறை வரும்போது ஐஸ்காரர் மகன் எனக்காக அலுமினிய பேசினில் பகடையை உருட்டி, விழுந்த எண்ணைக் கத்துவான். பகடை கடகடவென்று ஓடுவது எனக்குக் கேட்கும். எண் தெரியாது.

என் நாயகி உப்புக்காரி. தண்ணீர் எதுவானாலும் அவள் தொட்டால் உப்பாகிவிடும். முதல் நிலையில் ஒரு கைப்பிடி உப்புதான் வரும். அதை வைத்து எதிரியின் கண்ணில் தூவலாம், அவ்வளவே. ஐஸ்காரர் மகனுடைய ஆள் ஐஸ் மண்டையன். தலையால் முட்டினால் எதிரி உறைந்துபோவான். ஓனர் மகனுடைய ஆள் நங்கூரன். உள்ளங்கையிலிருந்து சங்கிலியோடு நங்கூரம் புறப்பட்டுப் போகும். கதை சொல்வதும் ஓனர் மகன்தான்.

புளியந்தோப்புப் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வரும் வெளிநாட்டுப் படக்கதைகளிலிருந்துதான் இந்த நாயகர்களெல்லாம் எங்களுக்குள் முளைத்தார்கள். அந்தப் படக்கதைகளிலேயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் இதழில் சுவர் தாண்டுகிறவன், சில இதழ் கழித்துக் கட்டடம் தாண்டுவான். இன்னும் கொஞ்சம் போனால் கிரகத்தையே உருட்டுவான். அப்புறம் திடீரென்று ஒரு இதழில், காரணமே இல்லாமல், சாதாரண ரவுடியிடம் உதை வாங்குவான். யாரோ இறக்கிவிட்டிருக்கிறார்கள். வல்லமை ஏறிக்கொண்டே போனால் கதை சொல்ல இடம் இருக்காது என்று எவனுக்கோ தெரிந்திருக்கிறது. செத்தவன் திரும்பி வருவதும் அப்படித்தான். அவன் செத்தால் அடுத்த இதழை யார் வாங்குவது?

எங்கள் கதையும் ஏறியது. மூலக்கொத்தளம் சுடுகாட்டிலிருந்து கிளம்பிய எலும்பு நாயை ஒழித்தோம். கன்டெய்னர் லாரிகளையே விழுங்கும் குழியை ஒழித்தோம். மணலிப் பக்கம் எண்ணெய் ஆலைப் புகைபோக்கி உச்சியில் எரிகிற தீக்குள் ஒளிந்திருந்த பூதத்தை ஒழித்தோம். நங்கூரன் முதலில் சைக்கிளை இழுத்தான், பிறகு லாரியை, பிறகு கப்பலை. ஒருநாள் எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியையே வேரோடு இழுத்தான்.

"அப்பால இன்னாத்த இழுப்ப?" என்று கீழேயிருந்து கேட்டேன். "நம்ம ஏரியால அதவிட ஒசரமா ஒண்ணும் இல்ல."

"நெலாவ இழுப்பேன்" என்றான், யோசிக்காமல்.

புள்ளி பிரிக்கும் விதியை நாங்களே போட்டோம். போடுவதற்கு யோசிக்கக்கூட இல்லை. கரையில் எல்லாப் பங்கும் எப்படிப் பிரியுமோ அப்படித்தான்: பாதி படகுக்கு, மீதிப் பாதி ஆட்களுக்கு. சண்டை நடப்பது படகில். படகு ஓனர் மகனுடையது. ஆக அந்தப் பாதி நங்கூரனுக்கு. மீதிப் பாதியை மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம். ஐஸ்காரர் மகன் தலையாட்டினான். நானும் தலையாட்டினேன். அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. படகுக்குப் பங்கு இல்லாமல் எப்படி?

ஆரம்பத்தில், இரண்டாம் நிலைக்கு அப்போதுதான் ஏறியிருந்தேன், "ரெண்டு!" என்று ஐஸ்காரர் மகன் கத்தினான். உப்புக்காரி சுருண்டு விழுந்தாள். எனக்கு வந்த கோபத்தில் "டைஸ குடுங்கடா" என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் அவர்கள் சர்ச் மதில் பக்கம் வந்து வந்து நின்றார்கள். மூன்றாம் நாள் மனசு இளகிப் பெட்டியோடு போனேன். இது முக்கியம், பின்னால் வரும்.

இதற்குள் படகுக்குப் பெயின்ட் அடிக்க ஒரு அண்ணன் வந்துசேர்ந்தார். காதில் பீடி, விரல் இடுக்கெல்லாம் பச்சையும் சிவப்பும். கேபினின் முன்பக்கத்தில் வெள்ளையாக ஒரு சதுரம் அடித்துக் காயவிட்டார்.

"இதுல இன்னா வர்தூ?" என்று கேட்டான் ஓனர் மகன்.

"ஒங்க நைனா எதுவும் சொல்லல. கழுகு போடலாம், சிங்கம் போடலாம். நீ இன்னா சொல்ற?"

ஓனர் மகன் எங்களைப் பார்த்தான். அவன் குணம் அது, எதையும் பெரிதாக்கிவிடுவான். "பத்தாவது லெவலுக்கு எவன் மொதல்ல ஏறுறானோ, அவனோட ஆளு."

"எவளோட ஆளும் ஏறலாம்" என்றேன் கீழேயிருந்து.

"ஏறு ஏறு" என்றான்.

பெயின்டர் அண்ணன் சிரித்தார். "யாரு ஏறுனா எனக்கின்னா? எப்டி இருப்பான்னு ஒரு படம் மட்டும் போட்டுக் குடுங்க."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. நான் கால் வைக்கக்கூடாத அந்தப் படகில், நான் பிறப்பித்த ஒருத்தி கடலுக்குப் போவாள். கையில் உப்பை ஏந்திக்கொண்டு, அலையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு. கடல் மொத்தமும் அவள் தொட்டால் உப்பாகும். ஏற்கெனவே உப்புதான், இருந்தாலும். பள்ளி நோட்டின் பின்பக்கமெல்லாம் அவளை வரைந்தேன். கண்ணை மட்டும் திரும்பத் திரும்பத் திருத்தினேன்.

சந்தேகம் எப்போது வந்தது? அதற்கப்புறம்தான். வேண்டும் என்ற ஆசை வந்தவுடன் காது கூர்மையாகிவிடுகிறது. ஐஸ்காரர் மகன் எனக்குக் கத்தும் எண்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒன்பது. பதினாலு. பதினொண்ணு. எட்டு. பதினொண்ணு. பதினாறு. பதினொண்ணு. அந்தப் பதினொண்ணை மட்டும் ஒரு மாதிரி ராகமாகச் சொல்வான், பள்ளியில் வருகைக்கு "உள்ளேன்" சொல்வது போல. இருபது முகத்தில் ஒரே முகத்துக்கு இத்தனை ஆசையா?

இருபது விழுந்ததை அவன் மறைக்கிறான். பதினெட்டையும் பத்தொன்பதையும் விழுங்கிவிட்டுப் பதினொண்ணு என்கிறான். இதுதான் என் முடிவு. நங்கூரன் ஒன்பதாம் நிலையில் இருந்தான். நான் ஏழில். ஐஸ் மண்டையன் ஆறில். ஆறில் இருப்பவனுக்கு ஏழில் இருப்பவள் மேல் பொறாமை வராதா? போதாததற்கு, அவன் அப்பா வேலை செய்வது ஓனரின் படகுக்கு ஐஸ் உடைக்கும் இடத்தில். ஓனர் மகனுக்காக இதைக்கூடச் செய்யமாட்டானா? எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். பொருத்தமாக இருக்கிற சந்தேகத்தைப் போல இனிப்பான பண்டம் வேறு கிடையாது. அவன் எனக்குக் கொடுத்த ஐஸ் துண்டைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டேன்.

தடைக்காலம் முடியப்போனது. வலை ஏறியது. பக்கத்துப் படகுகளில் என்ஜினைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். வெள்ளைச் சதுரம் அப்படியே இருந்தது. கடைசிச் சண்டை, எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டையிலிருந்து எழுந்து வந்த பாம்பு. அதற்கு அவ்வளவு புள்ளி வைத்திருந்தான் ஓனர் மகன். கடைசி அடி அடிப்பவருக்குத் தனியாகவும் புள்ளி உண்டு என்றான். அது என்னுடையதானால் நேராகப் பத்து.

நங்கூரன் எறிந்த நங்கூரம் பாம்பின் முதுகில் வழுக்கியது. ஐஸ் மண்டையன் முட்டினான். அவனுக்கு மூன்று விழுந்தது. என் முறை.

"உருட்டட்டுமா?" என்றான் ஐஸ்காரர் மகன்.

"நானே உருட்டுறேன்."

"பேசின கீய எறக்குறேன், இரு."

"கீய எறக்காத" என்றான் ஓனர் மகன். "சண்ட போட்ல நடக்குது. போட்ல தான் உருட்டணும்."

"அப்ப நான் ஏறி வரேன்."

"ஏய், இன்னா வெளாட்டா? நைனா கொன்னுடுவாரு!"

படகின் பக்கத்தில் உரசாமலிருக்கக் கட்டித் தொங்கவிட்ட லாரி டயர் சுடச்சுட இருந்தது. அதில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்து, ஏறிவிட்டேன். தளத்தில் முழங்கால் பட்ட இடத்தில் புதுப் பச்சை பெயின்ட் ஒட்டிக்கொண்டது. ஒன்றும் ஆகவில்லை. படகு முழுகவில்லை. பெயின்டர் அண்ணன் மட்டும் பிரஷைத் தூக்கியபடி நின்றார்.

பேசினில் உருட்டினேன். நீலப் பகடை ஓடி, விளிம்பில் மோதி, திரும்பி, நடுவில் நின்றது. மூன்று தலையும் அதன் மேல் குனிந்தன. மேலே தெரிந்த எண் இரண்டு.

"பதினொண்ணு!" என்று கத்தினான் ஐஸ்காரர் மகன்.

பழக்கதோஷம், அவன் வாயே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"டேய்" என்றேன். "ரெண்டு விழுந்தாலா பதினொண்ணுன்ற?"

"ஒண்ணு விழுந்தாலும்" என்றான் தரையைப் பார்த்து.

"எதுக்குடா?"

"நீ எறங்கிட்டா கோச்சிகினு டைஸ எடுத்துகினு பூடுவ. அப்பால நாங்க ரெண்டு பேரும் இன்னாத்த ஆடறது? நீயும் ஒன் டைஸும் இருந்தாதான ஆட்டம்?"

"ஒனக்கும் தெரியுமாடா?" என்று ஓனர் மகனிடம் திரும்பினேன்.

"கண்ணு முன்னாடி தான உருட்றான். தெரியாம இருக்குமா?"

என்னை அவர்கள் இறக்கவில்லை. தாங்கியிருக்கிறார்கள். நான் எத்தனையோ முறை சுருண்டு விழுந்து, தெரியாமலே எழுந்து நடந்திருக்கிறேன், அந்தப் படக்கதை நாயகர்களைப் போலவே. இதில் இன்னொன்றும் இருந்தது: தனக்கு விழுந்த ஒன்றையும் இரண்டையும் அவன் மாற்றவில்லை. ஆறாம் நிலையில் இருந்தவன் நேர்மையாக இறங்கி ஆறில் இருந்தான்.

எனக்கு அழுகை வர வேண்டிய இடம். ஆனால் மூளை வேறு ஒன்றில் மாட்டிக்கொண்டது. "இரு. இத்தன தபா தூக்கிவிட்டும் நான் ஏழுதான். இவன் எப்படிடா ஒம்போது?"

இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், இதுகூடத் தெரியாதா என்பது போல.

"படகுக்குப் பாதி கீதே" என்றான் ஓனர் மகன்.

"ஆமால்ல" என்றேன் நான்.

அவ்வளவுதான். ஆமால்ல! பகடையைச் சந்தேகப்பட்டேன், உருட்டிய கையைச் சந்தேகப்பட்டேன், ஐஸ் துண்டைச் சந்தேகப்பட்டேன். எல்லார் கண்ணெதிரிலும் சத்தமாகச் சொல்லித் தலையாட்டி வாங்கிக்கொண்ட விதியை மட்டும் சந்தேகப்படவில்லை.

அப்போதுதான் ஓனர் வந்தார். தளத்தில் ஒரு பெண்பிள்ளை, நடுவில் பேசின், அதில் பகடை, சுற்றிலும் எண்கள் கிறுக்கிய அட்டைகள். அவர் கண்ணுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்?

"சூதாட்றீங்களாடா, கய்தேங்களா? என் போட்டுல? அதுவும் பொம்பளப் புள்ளய ஏத்திகினு!"

"நைனா, இது சூது இல்ல, நைனா. பாம்ப அடிக்கறோம்."

"பாம்பா? எங்கடா பாம்பு?"

ஓனர் மகன் பேசினைக் காட்டினான். பேசினை ஒரே தூக்காகத் தூக்கிக் கவிழ்த்தார். மாமா கொண்டுவந்த நீலமெல்லாம் டீசல் மிதக்கும் தண்ணீரில் சத்தமில்லாமல் இறங்கியது. இருபது முகம் மட்டும் என் கைக்குள் இருந்தது. சண்டை வந்தால் சாட்சி வேண்டுமே என்று இரண்டு தெரிந்தபடியே அதை எடுத்து மூடிக்கொண்டிருந்தேன். என்னை அவர் திட்டவில்லை. "எறங்கும்மா" என்றார். அதுதான் வலித்தது.

மறுநாள் படகில் பூசணிக்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். அன்று சாயங்காலம் வெள்ளைச் சதுரத்தில் பெயின்டர் அண்ணன் வரைந்தது கழுகும் இல்லை, நங்கூரனும் இல்லை. பெரிய ஒரு ஜோடிக் கண். பெண் கால் பட்ட தோஷம் போக ஓனர் போடச்சொன்ன திருஷ்டிக் கண். நான் கரை மேடையில் நின்று பார்த்தேன். அந்தக் கண்ணின் ஓரத்தில் நான் திருத்தித் திருத்திப் போட்ட அதே வளைவு. என் படத்தை அவர் எப்போதோ பார்த்திருக்கிறார் என்று இன்றுவரை சந்தேகிக்கிறேன். கேட்டதற்கு, "கண்ணுன்னா எல்லாம் ஒரே மாறி தான் இருக்கும், போ" என்றார்.

படகு போனது. எப்போதும் போலத்தான் மீன் பட்டது. கண் போட்டதால்தான் என்றார் ஓனர்.

காபிக் கடையிலிருந்து வந்த அன்றே ஓனர் மகனுக்குப் போன் போட்டேன். இப்போது படகு அவன் பேரில். மறுபடியும் தடைக்காலம், அவன் சும்மாதான் இருப்பான்.

"நங்கூரனா?"

"யாரு... ஏய், உப்பு! எங்க கீற?"

"ஞாயித்துக்கெழம உன் போட்ல ஆடலாமா? ஐஸையும் கூப்புடு. ஏறலாமா நான்?"

"ஏறு. போன வர்சம் கூட மீன்துறை ஆபீஸ்லருந்து ஒரு மேடம் ஏறி போட்டோ புட்சிகினு போனாங்க. அப்பாலயும் மீனு பட்டுகினுதான் இருந்துச்சி."

"ஒரே ஒரு கண்டிஷன். பாயின்ட்ஸ் மூணு பேருக்கும் சமம். படகுக்குப் பங்கு கெடையாது."

"அதெப்டி? டீசல் யாரு போடறது?"

"கட்டிக் கெடக்குற போட்டுக்கு எதுக்குடா டீசலு?"

"சரி வா" என்றான். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. எதையோ யோசித்துவைத்திருக்கிறான். நிலாவையே இழுப்பேன் என்றவன்.

இந்தத் தடவை கதை சொல்லப்போவது ஐஸ்காரர் மகன். அவனுக்கு நாயகன் கிடையாது. அத்தனை நாள் முகம் மாறாமல் பதினொண்ணு சொன்னவனைவிட நல்ல கதைசொல்லி எனக்கு எங்கே கிடைப்பான்? உருட்டுவது மட்டும் அவன் இல்லை. பழைய இருபது முகத்தைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டேன். ஒரு மூலை தேய்ந்திருக்கிறது. உப்புக்காரி முதல் நிலையிலிருந்து தொடங்குவாள், ஒரு கைப்பிடி உப்போடு. முதல் உருட்டிலேயே இரண்டு விழட்டும். குனிந்து பார்த்து, இரண்டு என்று நானே கத்துவேன்.